‘செத்த காலேஜ்’ போறீங்களா? எழும்பூர் மியூசியத்தில் எதைப் பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம்?

ஸ்கூல் லீவ் விட்டால் சென்னை வீடுகளில் எழும் கேள்வி: "பசங்களை எங்க கூட்டிட்டுப் போறது?" பீச், மால், வண்டலூர் வரிசையில் எழும்பூர் அரசு அருங்காட்சியகமும் வரும். ஆனால் போய் வந்தவர்களிடம் கேட்டால், "திமிங்கல எலும்புக்கூடு பார்த்தோம், நிறைய சிலை இருந்துச்சு, கால் வலிச்சுது" என்று முடித்துவிடுவார்கள்.

காரணம், எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பதுதான். 16 ஏக்கர் வளாகம், ஆறு கட்டடங்கள், 40-க்கும் மேற்பட்ட காட்சிக்கூடங்கள். ஓடி ஓடிப் பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது. நான்கைந்து பொருட்களை மட்டும் தேர்வு செய்து, ஒவ்வொன்றும் எந்த ஊரிலிருந்து வந்தது என்று படித்துப் பார்த்தால், பார்த்தது மறக்காது.

‘செத்த காலேஜ்’ பெயர் எப்படி வந்தது?

1851-ல் இந்த அருங்காட்சியகம் தொடங்கியபோது, கல்லூரிச் சாலையில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் இயங்கியது. 1854-ல்தான் பாந்தியன் சாலையில் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் 1855-ல் இங்கேயே விலங்குகளையும் வளர்க்கத் தொடங்கினார். அந்த விலங்குக் காட்சியகம் பின்னர் பீப்பிள்ஸ் பார்க்குக்கும், 1985-ல் வண்டலூருக்கும் போனது. உயிருள்ள விலங்குகள் இருந்த இடம் ‘உயிர் காலேஜ்’. பாடம் செய்த உடல்களும் எலும்புகளும் இருந்த மியூசியம் ‘செத்த காலேஜ்’. பழைய மெட்ராஸ்காரர்கள் வைத்த பெயர் இது.

முதலில் எங்கே போகணும்?

வெண்கலக் காட்சிக்கூடத்துக்கு. காலையிலேயே, கால் வலிக்கும் முன்பே போய்விடுங்கள்.

இங்கே திருவாலங்காட்டு நடராஜரைத் தேடுங்கள். சோழர் காலத்துச் சிலை. நடராஜர் என்றால் நமக்கு நினைவுக்கு வரும் நெருப்பு வளையமான திருவாசி இதில் இல்லை. விரிந்த சடையும் இல்லை. அதனாலேயே உடலின் அசைவு முழுசாகத் தெரிகிறது. பிரெஞ்சு சிற்பி ரோடின் இந்தச் சிலையின் புகைப்படங்களைப் பார்த்தே வியந்து எழுதினார். அந்தக் கட்டுரை, அவர் இறந்த பிறகு 1921-ல் வெளியானது.

அடுத்து, திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர். குழந்தைகளைக் கைகளை எண்ணச் சொல்லுங்கள். வலது பக்கம் சிவனுக்கு இரண்டு, இடது பக்கம் அம்பிகைக்கு ஒன்று, மொத்தம் மூன்று.

கோயிலில் பட்டும் மாலையும் மறைத்திருக்கும். இங்கே சிற்பியின் கைவேலை அப்படியே தெரியும். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். பிறகு மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஆகவே ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிரதிதான்.

சாமி சிலை மியூசியத்துக்கு ஏன் வந்தது?

பலரும் கேட்கும் நியாயமான கேள்வி. படையெடுப்புக்கும் கொள்ளைக்கும் பயந்து பல ஊர்களில் சிலைகளை மண்ணில் புதைத்து வைத்தார்கள். புதைத்தவர்கள் இல்லாமல் போனார்கள், இடமும் மறந்துபோனது. பல தலைமுறைக்குப் பிறகு ஏர் உழும்போதோ, அஸ்திவாரம் தோண்டும்போதோ சிலை வெளியே வந்தது.

1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, இப்படிக் கிடைக்கும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் குற்றம். அரசு கையகப்படுத்தியவற்றில் பல எழும்பூருக்கு வந்தன. இந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நாளைக்கே உங்கள் வயலில் ஒரு சிலை கிடைத்தாலும் இதே விதிதான்.

வேற எதைத் தவறவிடக் கூடாது?

பல்லாவரம் கல் கருவி: 1863 மே 30-ம் தேதி, புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால வரலாற்று ஆய்வு அங்கேதான் தொடங்கியது. அவர் சேகரித்தவற்றை 1904-ல் இந்த அருங்காட்சியகம் வாங்கியது.

ஆதிச்சநல்லூர்: தூத்துக்குடி மாவட்டத்தின் இந்த ஊரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த தாழிகள், இரும்பு, வெண்கலப் பொருட்கள் இங்கே வந்தன. அவருக்கு முன்பே 1876-ல் தோண்டிய ஜெர்மானியர் யாகோர், தனக்குக் கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார்.

அமராவதி சிற்பங்கள்: ஆந்திராவின் அமராவதி பௌத்த ஸ்தூபத்தைச் சேர்ந்த சுண்ணாம்புக்கல் சிற்பங்கள். சிலவற்றில் புத்தர் மனித உருவில் இருக்க மாட்டார். பாதச்சுவடு, காலி ஆசனம், மரம் ஆகியவைதான் அவரைக் குறிக்கும். இதே ஸ்தூபத்தின் இன்னொரு பெரும்பகுதி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. சென்னையில் இருந்த கற்கள்தான் 1859-ல் கப்பலேறின.

கிளம்பும் முன் கவனிங்க

எழும்பூர் அருங்காட்சியகம் காலை 9.30 முதல் மாலை 5 மணி வரை. வெள்ளிக்கிழமை விடுமுறை, தேசிய விடுமுறை நாட்களிலும் திறக்காது. கேமராவுக்குத் தனி டிக்கெட்.

வார விடுமுறை இடத்துக்கு இடம் மாறும். கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியை அங்கே பார்க்கலாம். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகத்துக்குத் திங்கள், முட்டுக்காடு தக்ஷிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. ஈ.சி.ஆர். வரை போய் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டாம்.

கடைசியாக ஒன்று. சிலையை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் உள்ள பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயரையும் படியுங்கள். தாத்தா ஊரோ, அம்மா ஊரோ கண்ணில் படலாம். "இது நம்ம ஊர்ல இருந்து வந்ததாம்" என்று ஒரு குழந்தை சொல்லிவிட்டால், அடுத்த லீவுக்கு அதுவே மியூசியம் போகலாம் என்று கேட்கும்.