ஏஎன்ஏ பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என வந்தால் லூபஸ் நோய் என்று பொருளா?

மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டு வலி, வெயில் பட்டால் முகத்தில் தோன்றும் சிவந்த தடிப்பு, ஆறாத வாய்ப்புண், தீராத சோர்வு ஆகியவற்றுடன் மருத்துவரை நாடுவோருக்கு ‘ஏஎன்ஏ’ என்ற ரத்தப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. மருத்துவரின் பரிந்துரை இன்றித் தாமாகவே ஆய்வகத்துக்குச் சென்று செய்துகொள்வோரும் உண்டு. அறிக்கையில் ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லைக் கண்டதும், தமக்கு லூபஸ் வந்துவிட்டதாக அஞ்சுகின்றனர். அந்த அச்சம் பல நேரங்களில் தேவையற்றது. அதேபோல், ‘நெகட்டிவ்’ என்ற முடிவும் எல்லா நோய்களையும் விலக்கிவிடுவதில்லை.

கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் வழிதவறிச் சொந்த உடலையே தாக்குவதால் ஏற்படுபவை தன்னுடல் தாக்கு நோய்கள். அவற்றுள் லூபஸ், ஜோகிரன், ஸ்கிளிரோடெர்மா, மயோசிடிஸ் போன்றவை இணைப்புத் திசு நோய்கள் என வகைப்படுத்தப்படுகின்றன. இந்நோயாளிகளின் ரத்தத்தில், செல்லின் உட்கருவை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் காணப்படுகின்றன. அவற்றைக் கண்டறிவதே ஏஎன்ஏ பரிசோதனை. இதற்கு வெறும் வயிற்றில் செல்ல வேண்டியதில்லை.

1:80 என்றால் என்ன?

ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட ‘ஹெப்-2’ என்ற மனிதச் செல்கள் பூசப்பட்ட கண்ணாடித் தகட்டின் மீது நோயாளியின் ரத்த நீர் இடப்படுகிறது. ஆன்டிபாடி இருந்தால் அது செல்லின் உட்கருவில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது உட்கரு பச்சை நிறத்தில் மின்னும். ரத்த நீரை 40 மடங்கு, 80 மடங்கு, 160 மடங்கு எனப் படிப்படியாக நீர்க்கச் செய்து, எந்த அளவு வரை ஒளிர்வு தெரிகிறது என்று கணக்கிடுவதே 1:40, 1:80, 1:160 என்ற எண்கள். பின்னால் வரும் எண் பெரிதாக இருந்தால் ஆன்டிபாடியின் அளவும் அதிகம்.

நலமாக உள்ளவர்களிடமும் இது காணப்படுகிறது என்பதே பலரும் அறியாத செய்தி. 1997-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், எந்த நோயும் இல்லாதவர்களில் சுமார் 32 சதவீதம் பேருக்கு 1:40 அளவிலும், 13 சதவீதம் பேருக்கு 1:80 அளவிலும், 5 சதவீதம் பேருக்கு 1:160 அளவிலும் பாசிட்டிவ் முடிவு கிடைத்தது. டெல்லிக்கு அருகே கிராமப்புறத்தில் நடத்தப்பட்டு 1993-ல் வெளியான ஆய்வு, லட்சம் பேரில் ஏறத்தாழ 3 பேருக்கு லூபஸ் இருப்பதாக மதிப்பிட்டது. உண்மை எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும், லட்சம் பேரைச் சோதித்தால் 1:160 அளவில் பாசிட்டிவ் ஆகும் 5 ஆயிரம் பேரில் மிகச் சிலருக்கே அந்நோய் இருக்கும். அறிகுறி இல்லாதவர்களுக்கு இச்சோதனை செய்வதை வல்லுநர்கள் ஊக்குவிக்காததன் காரணம் இதுவே. காசநோய்க்கு அளிக்கப்படும் ஐசோனியாசிட் மாத்திரையும், சில ரத்த அழுத்த மருந்துகளும், தைராய்டு கோளாறும், முதுமையும்கூட இம்முடிவுக்குக் காரணமாகலாம்.

லூபஸ் நோயாளிகளில் 95 சதவீதத்துக்கும் அதிகமானோருக்கு ஏஎன்ஏ பாசிட்டிவாக இருக்கும். எனவே லூபஸைப் பொறுத்தவரை, நெகட்டிவ் முடிவுக்கே அதிக மதிப்பு. 2019-ல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் வெளியிட்ட லூபஸ் வகைப்பாட்டு விதிகளில், 1:80 அல்லது அதற்கு மேற்பட்ட ஏஎன்ஏ நுழைவு நிபந்தனை மட்டுமே. மூட்டு, தோல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் ஆகியவற்றின் பாதிப்புக்குத் தனியே மதிப்பெண்கள் சேர்க்கப்படுகின்றன.

அடுத்த கட்டச் சோதனைகள்

அறிகுறியும் ஏஎன்ஏ முடிவும் பொருந்தி வந்தால், எந்த ஆன்டிபாடி என்று பிரித்தறியும் சோதனை தேவைப்படும். இரட்டை இழை டிஎன்ஏ, எஸ்எம் ஆகியவற்றுக்கு எதிரான ஆன்டிபாடிகள் லூபஸைச் சுட்டும். எஸ்சிஎல்-70, சென்ட்ரோமியர் ஆகியவை தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மாவையும், ரோ, லா ஆகியவை கண்ணும் வாயும் உலரும் ஜோகிரன் நோயையும் சுட்டும்.

நடிகை சமந்தா 2022 அக்டோபரில் தமக்கு இருப்பதாக அறிவித்த பின்னர் இந்தியாவில் பரவலாகப் பேசப்பட்ட நோய் மயோசிடிஸ். தசை அழற்சி நோயான இதில் சிலருக்குக் காணப்படும் ஜோ-1 ஆன்டிபாடி, உட்கருவுக்கு வெளியே உள்ள பகுதியையே தாக்குகிறது. அதனால் ஏஎன்ஏ நெகட்டிவ் என்றே அறிக்கை வரக்கூடும். தசை பலவீனமும் மூச்சுத் திணறலும் உள்ளவர்கள் அந்த ஒரு தாளை நம்பி நின்றுவிடக் கூடாது.

ஏஎன்ஏ எண்ணிக்கை நோயின் தீவிரத்தைக் காட்டுவதில்லை. ஆகவே அதை மாதந்தோறும் திரும்பத் திரும்பச் செய்வது வீண் செலவு. லூபஸின் போக்கை அறிய இரட்டை இழை டிஎன்ஏ ஆன்டிபாடி, சி3, சி4 அளவுகள், சிறுநீரில் புரதம் ஆகியவையே கவனிக்கப்படுகின்றன. மலிவான சிறுநீர்ச் சோதனைதான் சிறுநீரகப் பாதிப்பை வலி தோன்றும் முன்பே காட்டிக்கொடுக்கிறது. மேலும், ‘எலைசா’ முறையில் வந்த எண்ணையும் நுண்ணோக்கி முறையில் வந்த எண்ணையும் ஒப்பிடுவது பொருந்தாது.

கருவுற்ற பெண்கள்

ரோ ஆன்டிபாடி உள்ள தாய்க்கு எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். ஆயினும் அது நஞ்சுக்கொடி வழியே கருவை அடைந்து, சுமார் 1 முதல் 2 சதவீதக் குழந்தைகளுக்கு இதயத் துடிப்பின் மின்பாதையை நிலையாகத் துண்டித்துவிடுகிறது. அக்குழந்தைகளில் பலருக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படுகிறது. முந்தைய குழந்தை பாதிக்கப்பட்டிருந்தால் ஆபத்து பல மடங்கு உயரும். எனவே இந்த ஆன்டிபாடி உள்ளவர்களுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை பரிந்துரைக்கப்படுவதுடன், 16 முதல் 18-வது வாரத்தில் தொடங்கி 26-வது வாரம் வரை கருவின் இதயம் ஸ்கேன் மூலம் கண்காணிக்கப்படுகிறது.