செல்லப்பிராணிப் பயண விதிகள் (இந்தியா)

இந்தியாவில் நாய், பூனைகளை ரயிலிலும் விமானத்திலும் கொண்டு செல்வதற்கான பொது விதிகள், 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1978-இல் வகுக்கப்பட்டவை. பயணத்துக்கு உடல் தகுதி உண்டு, ரேபிஸ் முதலான தொற்றுநோய் இல்லை என்று கால்நடை மருத்துவர் சான்று தரவேண்டும். புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவாவது தீனியும் தண்ணீரும் கொடுத்துவிட வேண்டும்.

ரயில்வே கணக்கில் நாய் பயணியல்ல, லக்கேஜ். ஏசி முதல் வகுப்பில் இரு படுக்கைக் கூபேயையோ நான்கு படுக்கைக் கேபினையோ முழுதாகப் பிடித்தவர்தான் அதைத் தம்முடன் வைத்துக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால், டிக்கெட்டில் படுக்கை எண் இருக்காது. சார்ட் தயாராகும்போதுதான் தெரியும். இரண்டு டிக்கெட் எடுத்தும் கூபே கிடைக்காமல் போகலாம். அதனால் கூபே ஒதுக்கக் கேட்டு ரயில்வேயின் வணிகப் பிரிவுக்கு முன்கூட்டியே கடிதம் கொடுப்பது வழக்கம். பிறகு பார்சல் அலுவலகத்தில் பதிவு. பொமரேனியனோ ராஜபாளையமோ, கட்டணம் 60 கிலோ லக்கேஜுக்கு உரியதுதான். ஏசி இல்லாத முதல் வகுப்பில் சக பயணிகள் சம்மதித்தால் போதும். அந்தப் பெட்டிகள் இப்போது அரிது. சக பயணிகள் பாதி வழியில் மனம் மாறினால் நாய் பிரேக் வேனுக்குப் போகும், பணம் திரும்பாது.

ஏசி இரண்டடுக்கு, மூன்றடுக்கு, ஸ்லீப்பர் பெட்டிகளில் நாய்க்கு அனுமதியில்லை. கூடையில் அடங்கும் குட்டிக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவை பிரேக் வேனிலுள்ள நாய்ப்பெட்டியில் செல்லும், கட்டணம் குறைவு. இருட்டும் இரைச்சலுமான அந்தக் கூண்டை நீண்ட பயணத்துக்கு ஏற்றதென்று சொல்ல முடியாது. வண்டி நிற்கும் இடங்களில் இறங்கி ஓடித் தண்ணீர் வைப்பது உரிமையாளர் பாடு. பதிவு செய்யாமல் ஏற்றிப் பிடிபட்டால் ஆறு மடங்கு கட்டணம்.

விமானத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு விதி. ஏர் இந்தியா ஏற்கிறது. ஆகாசா ஏர் 2022 நவம்பரில் செல்லப்பிராணிகளை ஏற்றத் தொடங்கியது. இண்டிகோ, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பயிற்சி பெற்ற நாய்களை மட்டுமே ஏற்றுகிறது. எடை வரம்பு கூண்டையும் சேர்த்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சிறியவை இருக்கைக்கு அடியில், பெரியவை சரக்கறையில். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு வெப்பத்தில் மூச்சு முட்டும் என்பதால் பல நிறுவனங்கள் அவற்றை மறுக்கின்றன.

வெளிநாடு என்றால் கணக்கு மாதங்களில். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இந்திய நாய் செல்ல முதலில் மைக்ரோசிப், அதன்பின் ரேபிஸ் தடுப்பூசி. 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதக் காத்திருப்பு. பிராங்க்பர்ட்டில் வேலை கிடைத்தவர், அங்கே வீடு தேடுவதற்கு முன்பே இங்கே நாயைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது இதனால்தான்.