கட்டுமான நிறுவனங்களின் இணையப் பாதுகாப்பு இடர் ஒப்பீடு

கட்டுமான நிறுவனங்களின் இணையப் பாதுகாப்பு இடர் ஒப்பீடு என்பது, இத்துறையில் எந்த நிறுவனம் இணையத் தாக்குதலுக்கு எளிதில் ஆளாகும், ஆளானால் எவ்வளவு இழக்கும், எவ்வளவு விரைவில் மீளும் என்பதை ஒரே அளவுகோல் கொண்டு மதிப்பிடும் முறை. காப்பீட்டு நிறுவனங்களுக்கும் ஒப்பந்தம் வழங்குவோருக்கும் இது பயன்படுகிறது.

துறையின் இயல்பு

ஒரே கட்டடத்தின் வரைபடங்களைக் கட்டடக் கலைஞர், பொறியாளர், முதன்மை ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரர்கள் எனப் பலர் பொதுவான கோப்புத் தளத்தில் கையாளுகின்றனர். வேலை முடிந்து வெளியேறியவர்களின் கணக்குகள் நீக்கப்படாமல் இருப்பதும் உண்டு. பில் தொகைகள் பெரியவை என்பதால், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று துணை ஒப்பந்ததாரர் பெயரில் வரும் ஒரு போலி மின்னஞ்சலே பெரும்பணத்தைத் திசைதிருப்பப் போதும்.

ஒருவரின் பலவீனம் மற்றவரையும் பாதிக்கும். 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் திருடப்பட்டன. குளிர்சாதனப் பணி செய்த ஒப்பந்த நிறுவனத்திடம் களவாடிய கடவுச்சொல் வழியாகவே திருடர்கள் உள்ளே புகுந்தனர்.

அளவுகோல்கள்

நிறுவனங்களின் இணையப் பாதுகாப்புக்குப் பிட்சைட் நிறுவனம் 250 முதல் 900 வரை மதிப்பெண் தருகிறது; செக்யூரிட்டி ஸ்கோர்கார்டு ஏ முதல் எஃப் வரை தரம் பிரிக்கிறது. காலாவதியான மென்பொருள் போன்று வெளியிலிருந்து தெரியும் குறைகளையே இவை பெரிதும் கணக்கிடுகின்றன. ஊழியர் பயிற்சி, காப்புப் பிரதிகள், கணக்கு அனுமதிகள் ஆகியவற்றை அறிய உள்தணிக்கை தேவை. கட்டடத் தகவல்களைப் பாதுகாப்பாகக் கையாள 2020இல் வெளியான ஐஎஸ்ஓ 19650-5 தரநிலை வழிகாட்டுகிறது.

இன்டர்சர்வ் நிகழ்வு

2020இல் பிரிட்டனின் கட்டுமான நிறுவனமான இன்டர்சர்வ் குழுமத்தில் ஊழியர் ஒருவர் தமக்கு வந்த மோசடி மின்னஞ்சலைச் சக ஊழியருக்கு அனுப்ப, அவர் அதைத் திறந்து கோப்பைப் பதிவிறக்கினார். ஆன்டிவைரஸ் அதைத் தடுத்து எச்சரித்தும், நிறுவனம் முழுமையாக ஆராயவில்லை. தாக்கியவர்கள் 283 கணினி அமைப்புகளையும் 16 கணக்குகளையும் கைப்பற்றி, ஆன்டிவைரஸையே நீக்கினர். இந்நாள், முன்னாள் ஊழியர்கள் 1,13,000 பேர் வரை பாதிக்கப்பட்டனர். பழைய மென்பொருளையும் போதாத பயிற்சியையும் சுட்டிக்காட்டிய பிரிட்டன் தகவல் ஆணையர் அலுவலகம், 2022 அக்டோபரில் 44 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

மதிப்பீடு

பாதுகாப்புக் கருவி இருந்தும் இன்டர்சர்வ் தப்பவில்லை. எனவே எந்தக் கருவிகளை வைத்திருக்கிறார்கள் என்பதைவிட, எச்சரிக்கை வந்ததும் யார், எவ்வளவு விரைவில் செயல்படுகிறார்கள் என்பதே நிறுவனங்களை ஒப்பிட நம்பகமான அளவுகோல்.