கையெழுத்தில் வராத பெயர்

சென்னிமலைச் சுற்றுவட்டாரத்தில் பெண் பார்க்கப் போகிற வீட்டில் காப்பித் தண்ணி வருவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். "நீங்க என்ன கூட்டமுங்க?" அதற்குப் பதில் கிடைத்ததும் அடுத்தது: "காணி எந்த ஊருங்க?" இரண்டுக்கும் கிடைக்கும் பதில்களை வைத்தே வந்தவர்கள் பங்காளியா, மாமன் மச்சானா என்று முடிவாகிவிடும். பங்காளி என்றால் பேச்சு அதோடு சரி. ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை.

இந்தக் கூட்டப் பெயர் பள்ளிச் சான்றிதழில் இல்லை, ரேஷன் கார்டில் இல்லை, கையெழுத்திலும் இல்லை. ஆனாலும் கொங்கு வேளாளர் வீடுகளில் அதைத் தெரியாத பெரியவர் எவரும் இல்லை. ஆங்கிலேயர் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயரைச் சேர்த்து எழுதுகிறார்கள். கொங்கு நாட்டார் அதே வேலையைச் செய்யும் பெயரை எழுதாமலேயே தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

அது எவ்வளவு பழையது என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று அணிகலன்களுக்காகப் புகழும் ஊர் இதுவே. 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வைத் தொடங்கியது, எ.சுப்பராயலு, கா.ராசன், ஈரோட்டுப் புலவர் செ.இராசு முதலியோர் அதில் பங்கேற்றார்கள். கல்மணி செய்த தொழிற்கூடங்களோடும் இரும்பு உருக்கிய உலைகளோடும், தமிழ் பிராமி எழுத்தில் ஆட்பெயர் கீறிய பானை ஓடுகளும் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. கண்ணன் ஆதன், குவிரன் ஆதன், சம்பன் சுமனன் என்று அந்தப் பெயர்கள் பெரும்பாலும் இரட்டையாக வருகின்றன. முன்னால் நிற்பது தகப்பன் பெயர், பின்னால் நிற்பது மகன் பெயர் என்று கொள்வது கல்வெட்டறிஞர் வழக்கம். அப்படியானால் கொடுமணலில் தன் பானையில் பெயர் கீறிய கண்ணன் ஆதன், இன்றைய கணக்கில் க.ஆதன். தமிழனின் இனிஷியல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று சொல்பவர்கள் ஒருமுறை அந்த ஓடுகளைப் பார்த்துவிட்டு வரலாம்.

கொங்கு வேளாளரில் இன்றும் கண்ணன் கூட்டம் இருக்கிறது. அந்துவன் கூட்டமும் இருக்கிறது. அந்துவஞ்சேரல் இரும்பொறை கருவூரில் இருந்த சேர அரசன். புறநானூற்றின் 13-ஆம் பாட்டோடு தொடர்புடையவன். பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து, இன்றைய கூட்டத்தார் அந்த அரசனின் நேர் வாரிசுகள் என்று சொல்லிவிட முடியாது. சிலர் அப்படிச் சொல்லி நூலே அச்சிடுகிறார்கள். அந்த வாதம் நிற்காது. இந்த மண்ணில் 2000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் வைத்துக்கொண்ட பெயர்கள் இன்னும் வாய்வழக்கில் இருக்கின்றன என்பது மட்டும் உறுதி. அதுவே பெரிய செய்தி.

இதைவிட வியப்பானது சாத்தந்தை என்ற பெயர். சாத்தன் என்பதோடு தந்தை சேர்ந்தால் சாத்தந்தை ஆகும் என்பது தொல்காப்பியப் புணர்ச்சி விதி. ஆதன் தந்தை ஆந்தை ஆவதும், பூதன் தந்தை பூந்தை ஆவதும் அதே இடத்தில் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆகவே ஆந்தை கூட்டம் என்றதும் பறவையைத் தேடத் தேவையில்லை. அது ஆதனைப் பெற்றவனின் பெயராக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆங்கிலத்தில் ஜான்சன் என்றால் ஜானின் மகன். இங்கோ சாத்தனின் தகப்பன் குலத்துக்கே முதல்வனாகி நிற்கிறான். அங்கே மகன் தகப்பனால் அறியப்பட்டான்; இங்கே தகப்பன் மகனால் அறியப்பட்டான்.

தொழிலால் வந்த பெயர்களும் உண்டு. ஆங்கிலத்தில் ஸ்மித் என்றால் கொல்லன். கொங்கில் வண்ணக்கன் கூட்டம் இருக்கிறது. வண்ணக்கன் என்பவன் காசை நோட்டம் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்பவன். சங்கப் புலவர் சிலர் பெயரிலும் இந்தச் சொல் உண்டு. ரோமானியக் காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்த வெள்ளலூரும் கருவூரும் உள்ள நாட்டில் இப்படி ஒரு பெயர் தங்கியிருப்பது பொருத்தமானதுதான்.

இங்கிலாந்தில் குடும்பப் பெயர்கள் 1066-இல் நார்மன்கள் வந்த பிறகே மெல்ல மெல்ல நிலைத்தன. ஏறத்தாழ அந்தக் காலத்தை ஒட்டித்தான் கொங்கிலும் கூட்டப் பெயர்கள் கல்லில் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கின்றன. 12, 13-ஆம் நூற்றாண்டுகளின் கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விளக்கு வைத்தவர், தூண் கொடுத்தவர் பெயர் வரும்போது, வெள்ளாளன் சாத்தந்தைகளில் இன்னார் என்ற பாங்கில் எழுதப்பட்டிருக்கும். ஊர், சாதி, கூட்டம், சொந்தப் பெயர் என நான்கும் ஒரே வரியில் வந்துவிடும். கொங்கின் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் ஊர் ஊராகத் தேடிப் படித்து வெளியிட்டதில் செ.இராசுவுக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னிமலைக்கு அருகில், பறவைகள் சரணாலயத்தால் இன்று பெயர் பெற்றிருக்கும் வெள்ளோடு, சாத்தந்தை கூட்டத்தாரின் காணியூர்.

காணி என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். முதலில் குடியேறி நிலமும் கோயில் உரிமையும் பெற்ற ஊர் காணியூர். பிள்ளைகள் பெருகி நிலம் போதாமல் போனபோதும், மழை பொய்த்துக் கிணறு வற்றியபோதும் ஒரு கிளை பெயர்ந்து போகும். தாராபுரம், பல்லடம், பொள்ளாச்சி, நாமக்கல் என்று எங்கே போனாலும் காணிக் கோயில் மாறாது. காது குத்தும் முதல் மொட்டையும் அங்கேதான். கும்பாபிஷேகம் என்றால் வரி கொடுத்து எல்லாக் கிளையும் கூடும். கூட்டப் பெயர் யாருடைய வழி என்பதைச் சொல்கிறது, காணி எங்கிருந்து புறப்பட்டார்கள் என்பதைச் சொல்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவைத்த குடும்பப் பெயர் இங்கிலாந்தில் அபூர்வம்.

பெயர்ந்து போனதன் தடயம் ஊர்ப் பெயர்களிலும் இருக்கிறது. ஈரோட்டுக்குத் தெற்கேயும் மேற்கேயும் வலசு என்று முடியும் ஊர்கள் நிறைய உண்டு. வலசை வந்தவர்கள் குடியமர்ந்த இடங்கள் அவை. மாடு கட்டிய தொழுவே ஊரானதை முருங்கத்தொழுவு போன்ற பெயர்கள் காட்டும்.

அப்படி ஒரு வலசில், மொடக்குறிச்சியை அடுத்த மஞ்சக்காட்டு வலசில், 1908-இல் பிறந்தவர் ம.ப.பெரியசாமித் தூரன். தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த முதன்மை ஆசிரியர். 1968-இல் பத்மபூஷண் பெற்றவர். கர்நாடக இசை மேடைகளில் இன்றும் பாடப்படும் பாடல்களை இயற்றியவர். தூரன் என்பது அவருடைய கூட்டப் பெயர். சாதிப் பட்டத்தை விட்டுவிட்டுக் கூட்டப் பெயரைப் பெயரோடு சேர்த்துக்கொண்டார். வீட்டுக்குள் மட்டும் புழங்கிய ஒரு பெயர் இப்படித்தான் நூலகங்களின் அட்டவணையில் ஏறியது. அவரைவிட மூத்தவரான ஈரோட்டு ஈ.வெ.ராமசாமி 1920-களின் பிற்பகுதியில் நாயக்கர் பட்டத்தைத் துறந்தது, இதற்குப் பின்னணியாக நிற்கும் பெரிய வரலாறு.

கூட்டப் பெயர் கொங்கு வேளாளருக்கு மட்டும் உரியதல்ல. வேட்டுவரிடமும் உண்டு. சென்னிமலைத் தெருக்களில் கைத்தறிச் சத்தம் கேட்கவைத்த சமூகங்களில் தேவாங்கர் இந்த வழக்கை வங்குசம் என்பார்கள். கன்னட, தெலுங்கு நாடுகளிலிருந்து வந்த வழி அதில் பதிந்திருக்கிறது. செங்குந்தர் வீட்டுப் பிள்ளையாக 1904-இல் இதே சென்னிமலையில் பிறந்த குமாரசாமிக்கு வாய்த்ததோ வேறு வகைப் பெயர். பிழைப்புக்காகத் திருப்பூர் போனார். 1932 ஜனவரியில் கொடி பிடித்து நடந்தபோது போலீசார் அடித்த அடியில் உயிர்விட்டார். அவர் பெயருக்கு முன்னால் நிலைத்தது பிறந்த ஊர் அல்ல, போன ஊர். திருப்பூர் குமரன் சென்னிமலைக்காரர் என்பது வெளியூரில் பலருக்குத் தெரியாது.

இன்று இந்தப் பெயர்களுக்கு வந்திருக்கும் சோதனை பாஸ்போர்ட் படிவம். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் பிள்ளைகள் தகப்பன் பெயரை எழுதுகிறார்கள். டல்லாஸில் பிறக்கும் பேரனுக்குத் தாத்தாவின் பெயரே குடும்பப் பெயராகிவிடுகிறது. கூட்டமும் காணியும் எந்தக் கட்டத்திலும் இடம்பெறுவதில்லை. கல்யாணம் பேசும்போது மட்டும் நினைவுக்கு வரும் பெயர், கல்யாணத் தளத்தில் ஒரு தேர்வுப் பட்டியலாகச் சுருங்கிவிட்டது. பெருமை பேசவும் பேதம் பார்க்கவும் அதைப் பயன்படுத்துவோர் இருக்கிறார்கள். அது அந்தப் பெயருக்குச் செய்யும் அவமரியாதை. அது ஒரு குடும்பம் நடந்து வந்த வழியின் பதிவு. வேறு எந்த ஆவணமும் இல்லாத உழவர் வீடுகளுக்கு அது ஒன்றுதான் ஆவணம்.

ஆகவே வீட்டில் 80 வயதைக் கடந்த அப்பாருவோ ஆத்தாவோ இருந்தால், இந்தப் பொங்கலுக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். கூட்டம் எது, காணி எது, எந்த வலசிலிருந்து எந்த ஆண்டு கிளம்பினார்கள், ஏன் கிளம்பினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கல்யாணமாகி வந்ததும் கணவன் கூட்டத்தில் கரைந்துபோன அம்மாவின், அம்மிச்சியின் பிறந்த கூட்டத்தையும் மறக்காமல் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.