எதற்கு நல்லது, யாருக்கு நல்லது: கால்துடுப்பை மதிப்பிட்ட வரலாறு

பெஞ்சமின் பிராங்க்ளின் 1773ஆம் ஆண்டளவில், தம் 67ஆம் வயதையொட்டி, பிரெஞ்சு மருத்துவர் ழாக் பார்பே துபூருக்கு நீச்சலைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். சிறுவயதில் தாம் செய்துபார்த்த ஒரு சோதனையை அதில் நினைவுகூர்கிறார். ஏறத்தாழ 10 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் கொண்ட இரண்டு முட்டைவடிவப் பலகைகள். கட்டைவிரல் நுழைய ஒரு துளை. ஓவியர் வண்ணம் குழைக்கும் தட்டைப் போன்ற தோற்றம். அவற்றைக் கையில் பிடித்து நீந்தியபோது விரைவு கூடியது; ஆனால் மணிக்கட்டு சோர்ந்தது. உள்ளங்காலிலும் மிதியடி போன்ற ஒன்றை மாட்டிப் பார்த்தார். அது அவருக்கு நிறைவளிக்கவில்லை. நீந்துபவர் உள்ளங்காலால் மட்டும் நீரை உதைப்பதில்லை, பாதத்தின் உட்புறமும் கணுக்காலும் அவ்வுதையில் பங்குகொள்கின்றன என்று அதற்குக் காரணமும் கூறுகிறார்.

கால்துடுப்பு என்னும் கருவியின் வரலாற்றை எழுதுவோர் இக்கடிதத்தை ஒரு கண்டுபிடிப்பின் முன்னோடியாகவே பெரும்பாலும் குறிப்பிடுகின்றனர். ஆனால் அதனை ஒரு மதிப்பீடாகப் படிப்பதில்தான் பயன் மிகுதி. சில வரிகளுக்குள் மூன்று வினாக்கள் அங்கே எழுந்துவிடுகின்றன. விரைவு எவ்வளவு கூடியது? அதற்கு உடல் கொடுத்த விலை என்ன? கருவி எந்த வகை உதைக்குப் பொருந்துகிறது? பின்வந்த இரண்டரை நூற்றாண்டுகளில் கால்துடுப்பைச் சோதித்தவர்கள், கடற்படையினராயினும் வணிகராயினும் உடலியங்கியல் ஆய்வாளராயினும், இம்மூன்றில் ஒன்றையோ இரண்டையோ முன்னிறுத்தி மற்றதைப் பின்னுக்குத் தள்ளியுள்ளனர். ஒரே துடுப்பை ஒரு சாரார் போற்றவும் மறு சாரார் ஒதுக்கவும் நேர்ந்தது இதனால்தான்.

பிராங்க்ளினுக்கு முன்பே இக்கருவி கற்பனையில் இருந்தது. இத்தாலிய அறிஞர் ஜொவான்னி பொரெல்லி விலங்குகளின் இயக்கம் குறித்து எழுதிய நூல், அவர் மறைவுக்குப் பின் 1680இல் வெளிவரத் தொடங்கியது. அதில் நீருக்கடியில் இயங்கும் ஒரு மனிதனின் படம் உண்டு. அவன் பாதங்கள் நீர்வாழ் உயிரினத்தின் விரிந்த பாதங்களைப் போல வரையப்பட்டுள்ளன. ஆயினும் கற்பனையிலிருந்து பயன்பாட்டுக்கு வர இக்கருவிக்கு 20ஆம் நூற்றாண்டு வரை காலம் பிடித்தது. தொழில்நுட்பக் குறை மட்டுமே இதற்குக் காரணமாகாது. நீரில் மூழ்கித் தொழில் செய்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை என்பதும் ஒரு காரணம்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர் கயிற்றில் கட்டிய கல்லின் எடையால் கடலடிக்கு இறங்கினார். சிப்பிகளைச் சேர்த்ததும் தோணியில் இருந்தவர் கயிறு பிடித்து அவரை மேலே இழுத்தார். இறங்குவதற்குக் கல், ஏறுவதற்குக் கயிறு. அவருடைய திறமையெல்லாம் மூச்சடக்குவதிலும் கடலடியில் விரைந்து கைவேலை செய்வதிலும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பரவிய தலைக்கவச முக்குளிப்போரின் நிலையும் வேறன்று. அவர்கள் ஈயம் பதித்த காலணியுடன் கடலடியில் நின்றும் நடந்தும் பணியாற்றினர். இவ்விரு முறைகளிலும் மனிதன் நீருக்குள் செங்குத்தாக இறங்கி ஏறுகிறான், அல்லது தரையில் நிற்கிறான். நீருக்குள் கிடைநிலையில் நெடுந்தொலைவு செல்ல வேண்டும் என்னும் தேவை எழுந்த பின்னரே கால்துடுப்புக்கு வேலை வந்தது.

அத்தேவையைக் கருவியாக்கியவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி தெ கொர்லியூ. 1914இல் தம் துடுப்பின் முன்மாதிரியைக் கடற்படை அதிகாரிகள் சிலருக்குச் செய்துகாட்டினார். 1924இல் கடற்படையிலிருந்து விலகி இதிலேயே முனைந்தார். 1933இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கால்களுக்கு மட்டுமன்றிக் கைகளுக்கும் கரண்டி வடிவில் ஒரு சோடியை அதில் சேர்த்திருந்தார். பிராங்க்ளினின் இரு சோதனைகளும் இங்கே ஒன்றாகத் திரும்பி வருகின்றன. கொர்லியூ தம் கருவிக்கு இட்ட பெயரும் கருதத்தக்கது: நீச்சலுக்கும் உயிர்மீட்புக்குமான உந்துகருவி என்பது அதன் பொருள். நீரில் தத்தளிப்பவரிடம் விரைந்து சென்று சேர்வதும், அவரைச் சுமந்துகொண்டு திரும்புவதுமே இப்பெயர் முன்வைக்கும் அளவுகோல்.

பெயர்களைச் சற்று நின்று நோக்கலாம். கொர்லியூவின் நீண்ட பெயர் வழக்கில் நிலைக்கவில்லை. பிரெஞ்சில் நிலைத்த சொல் 'பால்ம்'. வாத்து போன்ற பறவைகளின் தோலிணைந்த பாதத்தைக் குறிக்கும் சொற்குடும்பத்தைச் சேர்ந்தது. இத்தாலிய 'பின்னா', ஜெர்மானிய 'ஃப்ளோசே', ஆங்கில 'ஃபின்' ஆகிய மூன்றும் மீனின் உறுப்பைச் சுட்டுவன. ஆங்கிலத்தின் மற்றொரு சொல்லான 'ஃப்ளிப்பர்' கடல்நாய், ஆமை ஆகியவற்றின் புறவுறுப்பைச் சுட்டும். தமிழில் துடுப்பு என்பது படகோட்டியின் கருவியையும் மீனின் உறுப்பையும் ஒருங்கே குறிக்கிறது. இவ்வேறுபாடு வெறும் சொல்லழகு சார்ந்ததன்று. வாத்தின் பாதம் விரிந்து நீரைப் பின்னுக்குத் தள்ளும். முன்னோக்கி வரும்போது மடங்கும். படகின் துடுப்பு விறைப்பாக இருந்தால்தான் பயன். மீனின் வாலோ வளைந்து, இருபுறமும் அசைந்து, ஒவ்வொரு வீச்சிலும் உந்துவிசை தரும். இவற்றுள் எதை மனத்தில் கொண்டு ஒருவர் கால்துடுப்பை நோக்குகிறாரோ, அதற்கேற்ப விறைப்பு குணமாகவோ குறையாகவோ தோன்றும்.

அமெரிக்கப் பாய்மரப் படகோட்டியும் 1932 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவருமான ஓவன் சர்ச்சில், கொர்லியூவிடம் உரிமம் பெற்று ரப்பர் துடுப்புகளைத் தம் நாட்டில் விற்கத் தொடங்கினார். டஹிட்டித் தீவில் ஓலையால் பின்னிய துடுப்புகளைக் காலில் கட்டிச் சிறுவர்கள் நீந்தியதைக் கண்டதே அவருக்குத் தூண்டுகோல் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. 1940இல் அவர் விற்றவை 946 சோடிகளே. இரண்டாம் உலகப்போர் அந்நிலையை மாற்றியது. படைகள் கரையிறங்கும் முன் கடற்கரைகளை வேவு பார்க்கவும், நீரின் ஆழத்தை அளக்கவும், நீரடித் தடைகளைத் தகர்க்கவும் நேச நாட்டுக் கடற்படைகள் நீந்துவோரை அனுப்பின. அவர்கள் காலில் இத்துடுப்புகள் ஏறின. 'தவளை மனிதர்' என்னும் பெயரும் புழக்கத்துக்கு வந்தது. இளமையும் பயிற்சியும் மிக்க படைவீரரே இங்கே அளவுகோலானார்.

போருக்குப் பின் கருவி பொதுமக்களிடம் வந்தது. 1943இல் குஸ்தோவும் காஞ்ஞனும் உருவாக்கிய தானியங்கு மூச்சுக்கருவி முக்குளிப்பைப் பொழுதுபோக்காக மாற்றியபோது, கால்துடுப்பும் கடைச்சரக்காயிற்று. போர்க்காலத்தில் இத்தாலியக் கடற்படையின் முக்குளிப்பு வீரராக இருந்த லூயிஜி ஃபெர்ராரோ, 1950களின் தொடக்கத்தில் கிரெஸ்ஸி நிறுவனத்துக்காக 'ரொண்டினே' என்னும் துடுப்பை வடிவமைத்தார். குதிகாலில் வாரை இறுக்குவதற்கு மாற்றாக, பாதம் முழுவதையும் காலணி போல மூடும் அமைப்பு அது. மார்செய் நகரின் ஜார்ஜ் பூஷா 1964இல் 'ஜெட்ஃபின்' என்னும் துடுப்பை வெளியிட்டார். அதன் அகலப் பரப்பின் அடிப்பகுதியில் நீர் வெளியேறத் துளைகள் இருந்தன. முன்னது பாதத்தின் வசதியையும், பின்னது உதையின் தடையையும் கருத்தில் கொண்டவை. வாங்குபவர் கடையில் கேட்கும் முதல் வினா இக்காலத்தில் 'காலுக்குப் பொருந்துகிறதா' என்று மாறியிருந்தது. விளம்பரங்களோ விரைவையும் வலிமையையும் பேசின.

இவ்விடத்தில் ஒரு பழைய மயக்கத்தைக் கூற வேண்டும். விறைப்பான துடுப்பை அணிந்து உதைப்பவருக்குத் தொடையிலும் கெண்டைக்காலிலும் நீரின் எதிர்ப்பு நன்கு தெரியும். அவ்வெதிர்ப்பையே அவர் உந்துவிசை என்று கொள்வது இயல்பு. ஆனால் கால் உணர்வது செலவை. உடல் முன்னேறிய தொலைவு வரவு. இவ்விரண்டையும் தனித்தனியே அளக்காமல் அனுபவத்தை மட்டும் நம்பினால், மிகுதியாகச் சோர்வு தரும் துடுப்பே மிகுந்த வலிமையுடையது என்னும் முடிவு எளிதில் கிடைத்துவிடும். மணிக்கட்டின் சோர்வைத் தனியாகக் குறித்துவைத்த பிராங்க்ளின் இம்மயக்கத்துக்கு ஆளாகவில்லை.

செலவை அளக்கும் பணி ஆய்வுக்கூடங்களில் நடந்தது. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் டேவிட் பெண்டர்காஸ்ட் குழுவினர், ஸ்கூபா முக்குளிப்போர் குறிப்பிட்ட தொலைவு நீந்துவதற்குச் செலவிடும் ஆக்சிஜனை அளந்து 1996இல் வெளியிட்டனர். துடுப்பின் வகையைப் பொறுத்து அச்செலவு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 லிட்டரிலிருந்து 50 லிட்டர் வரை வேறுபட்டது. அளவில் பெரிய, நெகிழ்வான துடுப்புக்கு மிகக் குறைந்த செலவு. அளவில் பெரிய, விறைப்பான துடுப்புக்கு மிகுந்த செலவு. இன்னொரு முடிவும் அதே ஆய்வில் உண்டு. ஆண்களுள் பட்டறிவு மிக்கவர் புதியவரைவிடக் குறைவாகச் செலவிட்டனர். பெண்களிடம் பட்டறிவு அத்தகைய வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை. படைவீரரை மட்டும் அளவுகோலாகக் கொண்ட மதிப்பீட்டில் இச்செய்தி புலப்பட்டிருக்காது.

பவோலா சம்பாரோவும் பெண்டர்காஸ்ட் உள்ளிட்ட உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, நீர்ப்பரப்பில் துடுப்புடனும் துடுப்பின்றியும் நீந்துவதை ஒப்பிட்டது. ஒரே வேகத்தில் நீந்தும்போது துடுப்பு ஆற்றல் செலவை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைத்தது. உதையின் வீச்சு 10 விழுக்காடு அளவே சுருங்கியது. ஆனால் உதைகளின் எண்ணிக்கை 40 விழுக்காடு குறைந்தது. காரணம் எளிய இயற்பியல். சிறிதளவு நீரை மிக விரைவாகத் தள்ளியும், பேரளவு நீரை மெதுவாகத் தள்ளியும் ஒரே உந்துவிசையைப் பெறலாம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைச் சார்ந்தது. ஆகவே முதல் வழியில் வீணாகும் ஆற்றல் மிகுதி. துடுப்பு நீந்துபவரை இரண்டாம் வழிக்குக் கொண்டுசெல்கிறது. விரைந்து உதைக்க உதவுவது என்று பலர் எண்ணும் கருவி, மெதுவாக உதைக்க இடம் கொடுப்பதாலேயே பயன்படுகிறது.

இவ்வெண்கள் உயிரோடு தொடர்புடையவை. 12 லிட்டர் கொள்ளளவுள்ள உருளையை 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் ஏறத்தாழ 2400 லிட்டர் காற்று கிடைக்கும். நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சிழுப்பவர், அழுத்தம் மும்மடங்காகும் 20 மீட்டர் ஆழத்தில் 60 லிட்டர் செலவிடுவார். காற்று 40 நிமிடம் வரும். கால் உழைப்பால் மூச்சு 30 லிட்டராக உயர்ந்தால், அதே காற்று 27 நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். பாதுகாப்புக்கென ஒதுக்க வேண்டிய பங்கு இக்கணக்கில் சேரவில்லை. எதிர்நீரோட்டத்தில் சிக்கியவருக்கு இந்த 13 நிமிட வேறுபாடு படகுக்குத் திரும்புவதற்கும் திரும்பாமைக்கும் இடைப்பட்டதாகலாம்.

அப்படியாயின் நெகிழ்வான துடுப்பே சிறந்தது என்று முடித்துவிடலாமா? முடியாது. நீரடிக் குகைகளுக்குள் செல்வோரும் மூழ்கிய கப்பல்களின் உட்புறத்தை ஆராய்வோரும் இன்றும் ஜெட்ஃபின் வகையைச் சேர்ந்த, கனமான, விறைப்பான, குட்டையான ரப்பர் துடுப்பையே விரும்புகின்றனர். மேலும் கீழும் உதைத்தால் தரையின் வண்டல் கிளம்பி வெளியேறும் வழி மறைந்துவிடும். ஆகவே அவர்கள் தவளையைப் போலப் பக்கவாட்டில் உதைக்கின்றனர். நின்ற இடத்தில் திரும்பவும் பின்னோக்கி நகரவும் வேண்டியிருக்கிறது. அதற்கு வளையாத துடுப்பு தேவை. 1990களின் பிற்பகுதியில் பரவிய, நடுவில் பிளந்த துடுப்புகளும் இதே போல இருவகைத் தீர்ப்பைப் பெற்றன. நேராக மெல்ல நீந்துவோரும் மூட்டு நோவுடையோரும் அவற்றைப் பாராட்டினர்; குறுகிய இடத்தில் திரும்ப வேண்டியவர்கள் ஒதுக்கினர். ஆய்வுக்கூடத்தின் அளவீடு பிழையானதன்று. அது கேட்ட வினா ஒன்று. குகைக்குள் இருப்பவர் கேட்கும் வினா வேறு.

தமிழ் இலக்கணம் இங்கே துணைக்கு வருகிறது. 'இது நல்ல துடுப்பு' என்னும் தொடர் இலக்கணப்படி நிறைவானது, கருத்துப்படி நிறைவற்றது. அதனை நிறைவு செய்வது நான்காம் வேற்றுமை. 'குகைக்கு நல்லது', 'மீட்புப் பணிக்கு நல்லது' என்பதிலும், 'புதியவருக்கு நல்லது', 'மூட்டு வலி உள்ளவருக்கு நல்லது' என்பதிலும் வருவது ஒரே 'கு' உருபுதான். நோக்கத்தையும் மனிதரையும் அவ்வுருபு ஒருங்கே ஏற்கிறது. நன்னூல் நான்காம் வேற்றுமைக்குக் கூறும் பொருள்களுள் தகவும் பொருட்டும் இடம்பெற்றிருப்பது இங்கே எண்ணத்தக்கது. கால்துடுப்பை மதிப்பிட்ட வரலாறு முழுவதும், அந்த உருபுக்கு முன்னால் எந்தப் பெயர் நிற்க வேண்டும் என்னும் வழக்கின் வரலாறாகவே அமைந்துள்ளது. கொர்லியூ அவ்விடத்தில் மீட்பை வைத்தார். கடற்படைகள் படைவீரரை வைத்தன. வணிகர் வாங்குபவரின் பாதத்தை வைத்தனர். ஆய்வாளர் ஆக்சிஜனை வைத்தனர்.

இன்று ஒரு சோடித் துடுப்பைச் சோதித்து எழுதுவோர் விலை, எடை, நீளம், மூலப்பொருள் ஆகியவற்றைத் தவறாமல் தருகின்றனர். யார் அணிந்தார், எவ்வகை உதை உதைத்தார், எந்த நீரில், எவ்வளவு தொலைவு, எத்தனை லிட்டர் காற்று செலவாயிற்று என்னும் விவரங்கள் இல்லாவிடில் அம்மதிப்பெண்ணால் பிறருக்குப் பயன் குறைவு. பிராங்க்ளினின் பலகைகள் சிறுவன் ஒருவனின் கைவேலைதான். ஆனால் அவை எந்த உறுப்பில் கட்டப்பட்டன, எவ்வாறு இயக்கப்பட்டன, எங்கே வலித்தது, எதனால் நிறைவளிக்கவில்லை என்பனவற்றை அவர் எழுதிவைத்தார். அதனால்தான் அச்சோதனையின் முடிவை இன்றைக்கும் ஒருவர் சரிபார்க்கவோ மறுக்கவோ முடிகிறது.