கல்லுக்குள் வட்டம் பார்த்த தச்சன்

மனப்பாடமும் கணக்கும் வரலைன்னா பையன் மக்கு. நம்ம ஊர் அளவுகோல் இதுதானே? 1983-ல் அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் ஒரு புத்தகம் போட்டார். அறிவு ஒண்ணு இல்லை, பல வகை என்றார். அதில் ஒண்ணு, உருவத்தையும் இடத்தையும் மனக்கண்ணில் பார்த்து, திருப்பிப் போட்டுக் கையாளும் திறமை. (எல்லா உளவியலாளரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.)

படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில்கள்தான்.

திருமயம் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலுக்குப் போயிருக்கீங்களா? குடைவரைக்குள்ளே பள்ளிகொண்ட பெருமாள். வெளியே செதுக்கிக் கொண்டுவந்து வைத்தவர் இல்லை, மலையோடு ஒட்டியே இருப்பவர். கட்டடம் கட்டுறவன் கல்லைச் சேர்க்கிறான், தப்பானா மாத்திக்கலாம். குடையிறவனுக்கு எடுத்த கல் எடுத்ததுதான். எதை எடுக்கணும் என்பதைவிட எதைத் தொடக்கூடாது என்பதுதான் அவன் கணக்கு. பாம்பணை, பெருமாள், பின்சுவரில் தேவர்கள், ஆதிசேஷன் கக்கும் தீக்குப் பயந்து ஓடும் மது கைடபர்... இத்தனை பேருக்கும் வேண்டிய பாறையை உளி வைக்கும் முன்னாடியே மனசுல ஒதுக்கி வெச்சிருக்கணும். யோசிச்சுப் பாருங்க, தலை சுத்தும்!

நார்த்தாமலை வேற ரகம். மேலமலையில் இருக்கும் விஜயாலய சோழீஸ்வரம் 9-ஆம் நூற்றாண்டுக் கற்றளி. வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். விமானம் மூன்று தளம் வரை சதுரமாகவே ஏறுகிறது. நாலாவது தளம் வட்டம், அதற்கு மேல் உருண்டைச் சிகரம். கீழே சுவருக்குள் ஒளிந்திருந்த வட்டம் உச்சியில் வெளியே எட்டிப் பார்க்கிறது! முதல் கல்லை வைக்கும்போதே கடைசிக் கல் தெரிந்திருக்க வேண்டும்.

எதிரே பாறையில் சமணர் குடகு. பேருதான் சமணர், உள்ளே இருப்பது 12 விஷ்ணு. வரிசையாக, ஒரே அச்சில் வார்த்த மாதிரி நிற்கிறார்கள். அச்சு ஏது, கண்ணும் கையும்தான்.

சோழீஸ்வரத்தைக் கட்டியது சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையர், மழையில் இடிந்ததைப் புதுப்பித்தவன் மல்லன் விடுமன் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. கட்டுவித்தவர் பேர் இருக்கு, செப்பனிட்டவர் பேர் இருக்கு, மழைகூட இருக்கு. சதுரத்துக்குள்ளே வட்டத்தைப் பார்த்த தச்சன் பேரைத்தான் காணோம்.