மோட்டார் பிழைத்தது, கார் செத்தது

போன மாதம் நான் ஒரு காரைக் கொன்றுவிட்டேன். பதறாதீங்க, உள்ளங்கையில் அடங்குற ரிமோட் கார்தான். ஆனால் அது என்னோடது இல்லை, அக்கா பையனோடது. பிறந்தநாளுக்கு வந்த காசு, பொங்கக்காசு எல்லாம் சேர்த்து வச்சு அவனே வாங்கினது.

"வேகம் பத்தல மாமா"ன்னான். கையில ஸ்க்ரூ டிரைவர் இருந்தா எதையாவது பிரிச்சு மேயுற ஆளாச்சே நான். சும்மா இருப்பேனா? அதே அளவுல, இன்னும் வேகமா சுத்துற மோட்டார் ஒண்ணு வாங்கிப் போட்டேன். முதல் சுற்று, அம்பு மாதிரி பாய்ஞ்சு டிவி ஸ்டாண்டுக்கு அடியில போய் முட்டிச்சு. பையன் கைதட்டினான். மூணாவது சுற்றுல ஒரு கருகல் வாசனை. அவ்வளவுதான், வண்டி நின்னுடுச்சு.

பிரிச்சுப் பார்த்தா புது மோட்டார் நல்லா இருக்கு. பேட்டரியை நேரா வச்சா ஜம்முனு சுத்துது. சர்க்யூட் போர்டுல மட்டும் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி.

"மோட்டார் நல்லாத்தானே இருக்கு மாமா, அப்புறம் ஏன் கார் செத்துச்சு?"

அப்போ பதில் சொல்ல வரலை. பிறகு உட்கார்ந்து யோசிச்சப்பதான் புரிஞ்சுது, இந்தப் பொழுதுபோக்கோட சரித்திரம் முழுக்க இதே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

விலைக்கு வந்த ரேடியோ கன்ட்ரோல் கார்களில் ஆரம்பகால வண்டி 1966-ல் இத்தாலியில் இருந்து வந்தது. எலெத்ரோனிகா ஜொகாத்தொலி என்ற கம்பெனி செய்த ஃபெராரி 250எல்எம், நிஜக் காரில் 12-ல் ஒரு பங்கு அளவு. ஆனால் வீட்டுக்கு வீடு ஆளுங்க காரைப் பிரிச்சு மேய ஆரம்பிச்சதுக்குக் காரணம் ஜப்பான். ஷிசுவோகா நகரத்து தமியா கம்பெனி 1976-ல் போர்ஷே 934 மாடலை ரேடியோ கன்ட்ரோல் காராக வெளியிட்டது. கம்பெனியை நடத்திய ஷுன்சாகு தமியா, போர்ஷே மாடலைத் தத்ரூபமாகச் செய்யணும்னு நிஜமான 911 கார் ஒண்ணையே விலைக்கு வாங்கி அக்கு அக்காகப் பிரிச்சுப் பார்த்தவர். பிரிச்சு மேயுறதுல நமக்கெல்லாம் பெரியண்ணன்!

அந்தக் காரில் இருந்தது மபூச்சி கம்பெனியின் 540 ரக மோட்டார். வேகத்தைக் கூட்டும் கதையில் இந்த 540-தான் கதாநாயகன். ஆனா கதையோட சுவாரசியமான கட்டம் 1984-ல் வருது.

அந்த வருஷம் தமியா மண்ணில் ஓடுற ரெண்டு கார்களை விட்டது. ஒண்ணு கிராஸ்ஹாப்பர், இன்னொண்ணு ஹார்னெட். அடித்தட்டு, கியர்பாக்ஸ் எல்லாம் ஏறக்குறைய ஒரே சங்கதி. விலை மலிவான கிராஸ்ஹாப்பருக்கு 380 ரக மோட்டார், குறுக்களவு 28 மில்லிமீட்டருக்குள்ள. ஹார்னெட்டுக்கு 540, ஏறக்குறைய 36 மில்லிமீட்டர். கிராஸ்ஹாப்பர் வாங்கின பையனுக்கு இது தெரிய எவ்வளவு நாள் ஆகும்? ஒரு வாரம்? அடுத்த மாசக் காசுல ஒரு 540 வாங்கி மாட்டிடுவான். உலகம் பூரா பல பேருக்கு இதுதான் முதல் 'அப்கிரேடு'.

மாட்டின உடனே என்ன ஆச்சு? வண்டி பறந்துச்சு. நிஜமாவே பறந்துச்சு! இந்த வண்டிகளில் பின் சக்கரம் ரெண்டும் கியர்பாக்ஸும் சேர்ந்து ஒரே துண்டா மேலும் கீழும் ஆடும். மேட்டுல ஏறினா தவளை மாதிரி தத்தும். அதை அடக்க ஹார்னெட்டுக்குப் பின்னாடி ஆயில் டேம்பர் இருந்துச்சு. கிராஸ்ஹாப்பரில் வெறும் ஸ்பிரிங். சரி, டேம்பர் வாங்கு. அடுத்து, அச்சு சுத்துற இடத்துல இருந்த பிளாஸ்டிக் புஷ் தேய ஆரம்பிக்கும். சரி, பால் பேரிங் வாங்கு.

அப்புறம் வேகத்தைக் கட்டுப்படுத்துற சாதனம். அன்னிக்கு அது ஒரு சர்வோ மோட்டாரும், தகடு தகடா இருக்கும் சுவிட்சும்தான். மெதுவாப் போகணும்னா மிச்ச மின்சாரம் ஒரு ரெசிஸ்டர் வழியாப் போய் வெறும் சூடா வெளியேறும். பெரிய மோட்டார், பெரிய சூடு. தொட்டா விரல் பொத்துப்போகும்.

கடைசியா பேட்டரி. அன்றைய நிக்கல் காட்மியம் பேக்கில் ஆறு செல், ஒவ்வொண்ணும் 1.2 வோல்ட், மொத்தம் 7.2. கொள்ளளவு 1200 மில்லி ஆம்பியர் மணி. 12-ல் ஒரு பங்கு மின்சாரக் கார்களுக்கான பந்தயம் 8 நிமிஷம். இப்ப ஒரு சின்னக் கணக்கு போடுங்க. 1.2-ஐ 60-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தா 9 வரும். அதாவது சராசரியா 9 ஆம்பியருக்கு மேல இழுத்தா கடைசி மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே வண்டி படுத்துடும். அதனால ஜெயிக்க வேகமான மோட்டார் மட்டும் போதாது. மணி அடிக்கிற நேரத்துல பேட்டரியில் கடைசிச் சொட்டு மிச்சம் இருக்கிற மாதிரி பினியனோட பல்லை எண்ணி மாட்டணும். மாசச் சம்பளத்துல குடும்பம் நடத்துற கதைதான்.

பிறகு ரெசிஸ்டர் போச்சு, எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர் வந்துச்சு. அதுல ஃபெட் என்ற சின்ன மின்னணு சுவிட்ச் ஒரு நொடிக்குள்ள பல நூறு, பல ஆயிரம் தடவை மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும். சூடு குறைஞ்சுது. சூடே இல்லாமப் போயிடலை.

1999-ல் ஜப்பானின் கியோஷோ கம்பெனி மினி-இசட் காரைக் கொண்டு வந்துச்சு. 28-ல் ஒரு பங்கு அளவு, கடிகாரத்துக்குப் போடுற மாதிரி நாலு சின்ன பேட்டரி, கட்டைவிரல் நுனி அளவு மோட்டார். ரிசீவர், ஸ்டியரிங், வேகக் கன்ட்ரோல் எல்லாம் ஒரே போர்டுல. இதுலயும் நம்மாளுங்க கைவச்சாங்க. வேகமான மோட்டார் போட்டா போர்டுல இருக்கிற ஃபெட் கருகுது. என்ன பண்ணாங்க தெரியுமா? இருக்கிற ஃபெட் முதுகுலயே இன்னொரு ஃபெட்டை ஏத்தி, காலோட காலைச் சேர்த்து சால்டரிங் பண்ணினாங்க. சில பேர் மூணு நாலு மாடி கட்டினாங்க!

இது வெறும் கிறுக்குத்தனம் இல்லீங்க, பள்ளிக்கூட இயற்பியல்தான். ஃபெட்டில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ரெண்டு பேர் சுமையைப் பங்கு போட்டா ஆளுக்குப் பாதி மின்னோட்டம். ஆனா சூடு ஆளுக்குக் கால் பங்குதான். அந்த மிளகு அளவு கறுப்புப் புள்ளிக்கு இதுதான் பதில். நான் மோட்டாரை மாத்தினேன். அது கேட்ட மின்சாரத்தைச் சுமந்தவனை மறந்துட்டேன்.

2000-களில் லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ் இல்லாத மோட்டாரும் பரவினபோது வேகம் எங்கேயோ போயிடுச்சு. பாடம் மட்டும் மாறலை. நாம வேகத்தைக் கூட்டுறதில்லை, பலவீனத்தை ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குத் தள்ளுறோம். மோட்டாரிலேர்ந்து கியருக்கு, கியரிலேர்ந்து பேட்டரிக்கு, பேட்டரியிலேர்ந்து போர்டுக்கு. எங்க போய் நிக்குதுன்னு முன்கூட்டியே பார்த்து வைக்கிறவன் ஜெயிக்கிறான். பார்க்காதவன் மருமகன் முன்னாடி அசடு வழியுறான்.

என் செலவுல புது போர்டு வந்துச்சு. இந்தத் தடவை பழைய மோட்டாரையே போட்டோம். நாலு சக்கரத்துக்கும் பேரிங், டயரில் ஒட்டியிருந்த தூசியும் முடியும் சுத்தம், அவ்வளவுதான். ஹாலில் பத்து சுற்றுக்கு முன்னாடி 62 நொடி எடுத்த வண்டி 55-க்கு வந்துச்சு. நான் போட்ட சூப்பர் மோட்டார் பத்து சுற்று ஓடவே இல்லைங்கிறதை இங்கே பணிவோடு நினைவுபடுத்திக்கிறேன்.

அப்புறம் பினியனில் 6 பல்லுக்குப் பதில் 7 பல் போடலாமான்னு கேட்டேன். மோட்டார் அதே வேகத்துல சுத்தினா, கணக்குப்படி ஆறில் ஒரு பங்கு வேகம் கூடணும். பையன் உடனே தலையாட்டலை. வண்டியைத் திருப்பி மோட்டார் மேல ஒரு விரல், போர்டு பக்கம் ஒரு விரல் வச்சுப் பார்த்தான்.

"போடலாம் மாமா. ஆனா மூணு சுத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பாக்கணும்."

டிஸ்கி: சால்டரிங் கை பழகாதவங்க ஃபெட் மேல ஃபெட் அடுக்குற வேலையில இறங்க வேணாம். பேரிங்கும் சுத்தமான டயரும் பாதி வேலையை முடிச்சுடும். மீதிப் பாதிக்கு உங்க வீட்டுப் பொடிசைக் கேளுங்க.